கதவு என்று எழுதக்கூடாத வினா

சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தமிழ்ப்பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிவறைக்குக் கதவு இல்லாமல் போனது கரையான் செய்த வேலை. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் படித்தவர்கள் செய்த வேலை.

கரையானாவது சத்தம் போடாமல் வேலையை முடித்தது. மழைக்கால விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று தலைமையாசிரியை இன்பராணி கதவைத் தள்ளினார். கதவு அவர் கையோடு வந்து, தரையில் விழுந்து, மாவாகிப் போனது. முதலில் பெண் பிள்ளைகள் ஒருத்திக்கொருத்தி மழைக்கோட்டைப் பிடித்து மறைத்துப் பார்த்தார்கள். பையன்கள் பந்து பொறுக்குகிற சாக்கில் அந்தப் பக்கமே சுற்றினார்கள். கடைசியில் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சபாபதி செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை செய்கிறவன். அவன் மகள் லோஷினி அங்கே நான்காம் ஆண்டு படித்தாள். காலையில் நிரப்பிக் கொடுக்கிற தண்ணீர்ப் போத்தல் மத்தியானம் நிரம்பியபடியே வீடு திரும்பும்.

"ஏம்மா குடிக்கல?"

"தாகம் இல்லப்பா."

"உதடு வெடிச்சுக் கெடக்கு, தாகம் இல்லையாம்," என்றாள் அவன் மனைவி பிரேமலா. "நீங்க பெற்றோர் சங்கத்துல துணைத் தலைவருதானே? ஒரு கதவு போட வக்கு இல்லையா?"

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைப்பான் என்பதற்காகத்தான் சபாபதியைத் துணைத் தலைவராகப் போட்டிருந்தார்கள். அதைப் பிரேமலாவிடம் அவன் சொன்னதில்லை.

இன்பராணி கதவு கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் உடனே பதில் போட்டது. இனிமேல் எந்தக் கோரிக்கையும் ஆய்வின் அடிப்படையில்தான் பரிசீலிக்கப்படும். ஆய்வுக்கு முதலில் திட்டம் வேண்டும். திட்டத்துக்கு முதலில் ஆய்வு வினா வேண்டும். வினாவுக்கு ஜொகூர் பாருவில் உள்ள கல்வி வினா வடிவமைப்பு மையத்தை அணுகவும். வரும்போது பெற்றோரில் ஒருவரை உடன் அழைத்து வரவும்.

அப்படித்தான் சபாபதி ஒருநாள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, சலவை செய்த சட்டையோடு, இன்பராணியின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து ஜொகூர் பாருவுக்குப் போனான்.

மையம் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் இருந்தது. உள்ளே ஏர்கோன் குளிர் எலும்பைக் கடித்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்தில் கேள்விகளை மாட்டியிருந்தார்கள். இயக்குநர் முனைவர் கமலநாதன் ஒவ்வொன்றையும் தன் பிள்ளைகளைக் காட்டுவது போலக் காட்டினார்.

"இது போன வருஷத்து வினா. இது அதுக்கு முந்தின வருஷம். எல்லாமே நாங்க தயாரிச்சது. ஒண்ணுகூட இதுவரைக்கும் பதிலால கெட்டுப் போகல."

"பதில் யாரு சார் கண்டுபிடிப்பாங்க?" என்று சபாபதி கேட்டான்.

"பதிலுக்குத் தனிப் பிரிவு வரணும். கட்டடத்துல இடம் பத்தல," என்றார் கமலநாதன். "சரி, உங்க வினா என்ன?"

இன்பராணி எழுந்து நின்று சொன்னார். "பெண் பிள்ளைகள் ஏன் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை?"

"ஏன் குடிக்கிறதில்ல?"

"டாய்லட்டுக்குக் கதவு இல்ல சார்."

கமலநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படித் துடைக்கிறவர்கள் நல்ல சேதி சொல்வதில்லை என்பது சபாபதிக்குக் கிளினிக்கில் உட்கார்ந்து பழகியதில் தெரியும்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பதில் தெரிஞ்சிருச்சுன்னா அது வினா இல்ல. வெறும் குறை. குறை சொல்றவங்களுக்கு இந்த நாட்டுல பஞ்சமா? வினாவுக்குத்தான் நிதி இருக்கு, குறைக்கு இல்ல. முதல்ல அந்த 'ஏன்'ன எடுங்க. 'ஏன்'னு ஆரம்பிச்சா யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். எதுக்கு ஒருத்தர சங்கடப்படுத்தணும்? 'எந்த அளவுக்கு'ன்னு ஆரம்பிங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல."

"எந்த அளவுக்குன்னா? ஒரு சொட்டும் குடிக்கிறதில்ல சார்," என்றான் சபாபதி.

"பாத்தீங்களா, மறுபடியும் பதில் சொல்றாரு," என்று கமலநாதன் சிரித்தார். பிறகு அவனுடைய தோளில் கை வைத்தார். "ஆனா உங்க மாதிரி ஆளு எங்களுக்கு வேணும். உண்மையான பெற்றோர். உங்களத் திட்டத்துல 'பங்கேற்பாளர் குரல்'னு போடறேன்."

கழுத்தில் ஓர் அட்டை மாட்டினார்கள். அதில் அவன் பெயருக்குக் கீழே 'குரல்' என்று அச்சடித்திருந்தது. அடுத்த வாரம் மெர்சிங்கில் வினா முகாம் என்றும், ஆலைக்குக் கடிதம் மையமே கொடுக்கும் என்றும் சொன்னார்கள்.

மெர்சிங் முகாம் கடற்கரை ஓட்டலில் நடந்தது. சபாபதி தன் ஆயுளில் இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒரே வாக்கியத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட நடுவில் யாராவது எழுந்து சீட்டாடப் போவார்கள். இங்கே யாரும் அசையவில்லை. கலர் கலராகத் தாள்களைச் சுவரில் ஒட்டினார்கள், பிய்த்தார்கள், இடம் மாற்றி ஒட்டினார்கள். தேநீரோடு கறிபாப் வந்தது. ஒட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொய்த்தியோ வந்தது. பிய்த்தார்கள்.

பெரிய சண்டை 'கதவு' என்ற சொல்லில் வந்தது.

"வினாவுக்குள்ள கதவுன்னு எழுதினா, கதவுதான் விடைன்னு வாசிக்கிறவன் நெனச்சிருவான்," என்றார் கமலநாதன். "அது பாரபட்சம். நாம நடுநிலையானவங்க. கதவு பக்கமும் சாயக்கூடாது, கதவு இல்லாத பக்கமும் சாயக்கூடாது."

"அப்பக் கழிவறை?" என்று இன்பராணி கேட்டார்.

"சாப்புடற நேரத்துல வேணாமே டீச்சர்."

கதவு இல்லாததைக் 'கட்டமைப்பு சார்ந்த திறப்புத்தன்மை' என்று எழுதலாம் என முடிவானது. ஒருவர் கைதட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். சபாபதியும் தட்டினான்.

உண்மையைச் சொல்வதென்றால் சபாபதிக்கு முகாம் பிடித்துப் போயிற்று. கொதிகலன் சூடு இல்லை, கங்காணி போல மேஸ்திரி கத்துவதில்லை. இரவு உணவுக்கு நெருப்பில் சுட்ட மீன். கடைசி நாள் வினாவின் நடுவில் காற்புள்ளி எங்கே வைக்கலாம் என்று கமலநாதன் பொதுவாகக் கேட்க, சபாபதி விரலை எங்கேயோ வைத்தான். "அங்கதான்! மக்களுடைய குரல்!" என்று கமலநாதன் கத்திவிட்டார். அந்தக் காற்புள்ளியோடு சபாபதியைப் படம் பிடித்தார்கள். வினா இப்படி முடிந்திருந்தது:

'தோட்டப்புறத் தொடக்கப்பள்ளி மாணவியரின் நீர் அருந்துதல் மீதான மனப்பான்மைக்கும், கட்டமைப்பு சார்ந்த திறப்புத்தன்மை குறித்த அவர்தம் உணர்வுநிலைக்கும் இடையிலான தொடர்பு எந்த அளவுக்கு, எத்தகையதாக, யாருடைய பார்வையில் அமைந்துள்ளது எனலாம்?'

வீட்டுக்கு வந்தவன் கழுத்து அட்டையைக் கழற்றவில்லை.

"கதவு என்னாச்சு?" என்றாள் பிரேமலா.

"கதவுன்னு சொல்லக்கூடாது பிரேமா. திறப்புத்தன்மைன்னு சொல்லணும்."

"என்னா தன்மை?"

"உனக்குப் புரியாது. ஆய்வு வினான்னா அதுல 'மாறி'ன்னு ஒண்ணு இருக்கணும். நீ கேக்கற கேள்வியில மாறியே இல்ல."

"மாறினது நீங்கதான்," என்று பிரேமலா கரண்டியை அடுப்பில் ஓங்கி வைத்தாள். "மெர்சிங்கில மீன் தின்னுட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறாரு. புள்ள மூத்திரம் போறப்ப எரியுதுன்னு அழுவுது. அது எந்தத் தன்மைன்னு உங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் லோஷினிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்துக் கிளினிக்குக் கொண்டு போனார்கள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, கிருமி பிடித்திருக்கிறது, நாள் முழுக்க அடக்கி வைத்தால் இப்படித்தான், மறுபடியும் வந்தால் சிறுநீரகத்துக்கு ஏறும், பிள்ளை தண்ணீர் குடிக்க வேண்டும், நிறையக் குடிக்க வேண்டும் என்றார். லோஷினி அப்பாவைப் பார்த்தாள். "ஸ்கூல்ல குடிக்க மாட்டேம்ப்பா. மருந்து வேணா ரெண்டு மடங்கு குடிக்கிறேன்," என்றாள்.

சபாபதி கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தான்.

ஆலையில் பழைய குடியிருப்பு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து நல்ல நீலக் கதவு ஒன்றைக் கேட்டு வாங்கி, சனிக்கிழமை நண்பனின் லோரியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டு போனான். கழிவறையைச் சுற்றி மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. 'ஆய்வுக்களம். தொடாதீர்' என்று பலகை. பக்கத்தில் இன்பராணி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மையத்துக்காரங்க வந்து கட்டிட்டுப் போனாங்க சபாபதி. தொட்டா எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வருமாம்."

சபாபதி கமலநாதனுக்குப் போன் அடித்தான்.

"சார், ஒரு கதவு கெடச்சிருக்கு. மாட்டிரட்டுமா?"

அந்தப் பக்கம் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. "அலமாக்! மாட்டிறாதீங்க! ஆய்வு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இப்பக் கதவு போட்டா நிலைமை சரியாயிரும். நிலைமை சரியாயிட்டா நாங்க எத ஆராயறது?"

"எம்மவளுக்குக் காய்ச்சல் சார். தண்ணி குடிக்காமத்தான் வந்துச்சாம்."

"ஐயோ பாவம். இப்பக் குடிக்கிறாளா?"

"வீட்டுல குடிக்கிறா சார். டாக்டர் சொல்லிட்டாங்க."

"என்னாங்க நீங்க, எங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா? அவ எங்க மாதிரிக் குழுவுல இருக்கற பிள்ள." கமலநாதன் பெருமூச்சு விட்டார். "சரி, வீட்டுல குடிக்கறது எங்க வரம்புக்குள்ள வராது. குடிக்கட்டும். பள்ளியில மட்டும் இயல்பா இருக்கச் சொல்லுங்க."

"எவ்ளோ நாளைக்கு சார்?"

"முன்னோட்ட ஆய்வு, அப்புறம் முதன்மை ஆய்வு, அப்புறம் அறிக்கை. அதுக்குள்ள உங்க மக இடைநிலைப்பள்ளிக்குப் போயிருப்பா. ஆனா அவளுக்குப் பின்னால வர்ற பிள்ளைங்கள யோசிங்க! ஒரு கதவு என்ன, புதுக் கட்டட புளோக்கே வரலாம்."

"வந்தா அவங்க தண்ணி குடிப்பாங்களா?"

"அது அடுத்த வினா," என்று கமலநாதன் மகிழ்ச்சியோடு போனை வைத்தார்.

சபாபதி நீலக் கதவைப் பள்ளிச் சாமான் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். லோஷினி காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குப் போனாள். போத்தல் மறுபடியும் நிரம்பியபடியே திரும்பியது.

வினா வெளியீட்டு விழாவை அந்தப் பள்ளியிலேயே வைத்தார்கள். வினாவுக்கு விழாவா என்று சபாபதி வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு முகாம் போட்டிருப்பார்கள். மேடையில், விழாவைத் தொடக்கி வைக்க அடிக்கிற பெரிய வெண்கலத் தட்டு, கோங்கு, தொங்கியது. பின்னால் தடித்த துணிப் பதாகை. வினா முழுவதையும் அதில் அச்சடிக்க வேண்டியிருந்ததால் அது மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய், மடங்கித் தரையைத் தொட்டது. சபாபதியை மேடை ஓரத்தில் 'குரல்' அட்டையோடு நிறுத்தி, கோங்கு அடிக்கிற கட்டையைப் பட்டுத்துணி விரித்த தாம்பாளத்தில் கொடுத்திருந்தார்கள். வேறு எதுவும் பேச வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் புஷ்பவள்ளி, டத்தின் பட்டமும் மேலிடத்தில் செல்வாக்கும் உள்ளவர். கோலாலம்பூரிலிருந்து காரில் நேராக வந்திறங்கினார். நம் ஆட்கள் விருந்தினரை வரவேற்கிற முறை தெரிந்ததுதானே? வாசலில் இளநீர் கொடுத்தார்கள். அலுவலகத்தில் ரோஸ் சிரப் கொடுத்தார்கள். மேடை ஏறும் இடத்தில் பெற்றோர் சங்கத் தாய்மார்கள் மோர் வைத்துக்கொண்டு நின்றார்கள். டத்தின் நல்ல மனுஷி. யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லாவற்றையும் குடித்தார்.

கமலநாதன் பேச எழுந்தார். "ஒரு சமுதாயத்தின் வளர்ச்சியை அது கண்ட விடைகளால் அளக்கக்கூடாது. விடை காண்பது எளிது, யாரும் காணலாம். இங்கே ஒரு தோட்டத்துப் பிள்ளைகூட விடை சொல்கிறது! அந்த விடையிலிருந்து மீண்டு வினாவை நோக்கி நடப்பதுதான் கல்வி. இந்த வினாவை உருவாக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் இது எல்லாருக்கும் புரிந்துவிடும் அபாயத்தில் இருந்தது…"

பேச்சு போய்க்கொண்டே இருந்தது. டத்தின் காலை மாற்றிப் போட்டார். மறுபடியும் மாற்றிப் போட்டார். முகத்தில் வியர்வை துளிர்த்தது. கடைசியில் பக்கத்தில் இருந்த இன்பராணியிடம் குனிந்து ஏதோ சொன்னார். இன்பராணியின் முகம் வெளுத்தது.

ஆசிரியர்களின் கழிவறை ஒன்று இருந்தது. ஆனால் அதற்குள் மையத்துக்காரர்கள் விருந்தினர்களுக்கான அன்பளிப்புப் பைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். காலையில் அடுக்கு சரிந்து, உள்ளேயிருந்து கதவை அடைத்துக்கொண்டது. ஆண் பிள்ளைகள் பக்கம் போகச் சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை.

டத்தின் எழுந்து பெண் பிள்ளைகளின் கழிவறை இருக்கும் திசையில் விரைந்து நடந்தார். கூட்டமும் மரியாதைக்காகப் பின்னால் எழுந்து நடந்தது. கமலநாதன் மைக்கை விட்டுவிட்டு ஓடிவந்து மஞ்சள் பட்டைக்கு முன்னால் கைகளை விரித்தார்.

"டத்தின், அங்க வேணாம். அது ஆய்வுக்களம். தகவல் கெட்டுப் போயிரும்."

"டாக்டர், தள்ளுங்க. இல்லாட்டி கெடப்போறது தகவல் இல்ல." டத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார். "கதவு எங்கலா?"

திறப்புத்தன்மை என்று சொல்ல கமலநாதனுக்குக்கூட வாய் வரவில்லை.

சபாபதிக்கு அப்போது என்ன தோன்றியது என்று பிறகு அவனாலேயே சொல்ல முடியவில்லை. தாம்பாளத்தைக் கமலநாதன் கையில் கொடுத்தான். மேடைக்கு ஓடினான். பதாகையை அவிழ்த்து, தோளில் போட்டுக்கொண்டு வந்து, கட்டியிருந்த அதே ராஃபியா கயிற்றால் கழிவறை வாசலின் மேல் சட்டத்தில் இழுத்துக் கட்டினான். மிச்சத் துணியைப் பக்கவாட்டில் மடித்துச் செருகினான். டத்தின் உள்ளே போனார்.

வெளியே கூட்டம் நின்றது. எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாரும் பதாகையை வாசித்தார்கள். அந்த வினாவை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை வாசித்து முடித்த ஒரே கூட்டம் அதுதான்.

டத்தின் முகம் மலர்ந்து வெளியே வந்தார். பதாகையைக் கையால் நீவிப் பார்த்தார்.

"நல்ல வினா டாக்டர். தடிப்பாவும் இருக்கு, நீளமாவும் இருக்கு. காத்துகூட நுழையல. இந்த மாதிரி இன்னும் நெறைய வரணும்."

பிறகு மேடைக்குத் திரும்பிக் கோங்கை அடித்தார். மையத்துக்குக் கூடுதல் நிதிக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார். கமலநாதன் கண் கலங்கியது.

அவசரத்தில் பதாகையை எல்லாரும் மறந்து போனார்கள். திங்கட்கிழமை லோஷினி போத்தலைக் காலியாகக் கொண்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை இன்னும் பெரிய போத்தல் கேட்டாள். பெண் பிள்ளைகள் வினாவுக்கு முன்னால் வரிசையில் நின்று, ஒவ்வொருத்தியாக அதற்குப் பின்னால் போய் வந்தார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தொடங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை, சபாபதியையும் பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டு, கமலநாதன் வந்துவிட்டார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? பிள்ளைங்க தண்ணி குடிக்கிறாங்க! எங்க வினாவே செத்துப் போச்சு. அதக் கழட்டுங்க முதல்ல, மையத்துச் சுவர்ல மாட்டணும்."

அந்த நேரம் லோஷினி போத்தலும் கையுமாக வரிசையில் நின்றிருந்தாள். பெரியவர் கயிற்றின் முடிச்சைத் தேடுவதைப் பார்த்துப் போத்தலை மெல்ல மூடினாள்.

சண்டை போடச் சபாபதிக்கு வராது. கெஞ்சினால் இவருக்குக் கேட்காது. இவருக்குக் கேட்கிற பாஷை ஒன்றுதான் என்று தோன்றியது. மெர்சிங்கில் தின்ற மீனையெல்லாம் நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

"சார், ஒரு சந்தேகம். இப்பப் பிள்ளைங்க தண்ணி குடிக்கிறது… எந்த அளவுக்கு?"

கமலநாதனின் கை முடிச்சில் நின்றது.

"எத்தகையதாக சார்? யாருடைய பார்வையில?"

கமலநாதன் மெதுவாகத் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்க மறந்துவிட்டார். "மாணவியரின் நீர் அருந்துதல் மீது, துணிசார் மறைப்பின் தாக்கம்…" என்று முணுமுணுத்தார். "எனலாமா?"

"எனலாம் சார்."

"இது புது ஆய்வு! இந்தப் பதாகைதான் ஆய்வுக் கருவி! யாரும் தொடக்கூடாது. டீச்சர், மஞ்சள் பட்டை இன்னும் இருக்கா?" அவரே பதாகையைச் சுற்றிப் பட்டையைக் கட்டினார். பிள்ளைகள் குனிந்து போக மட்டும் வழி விட்டார். "அடுத்த முகாம் குளுவாங்குல. நீங்க கண்டிப்பா வரணும்."

"எனக்கு ஷிப்டு சார்," என்றான் சபாபதி.

அடுத்த சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் நீலக் கதவைக் கொட்டகையிலிருந்து எடுத்து, பதாகைக்குப் பின்னால், உள்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினான். தாழ்ப்பாளும் போட்டான். மையத்திலிருந்து ஆய்வாளர்கள் மாதாமாதம் வந்தார்கள். பதாகையின் நீளத்தை அளந்தார்கள், அகலத்தை அளந்தார்கள், பிள்ளைகளிடம் மனப்பான்மை கேட்டார்கள். ஒருவரும் துணியைத் தூக்கிப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அது அவர்களுடைய வினாவில் இல்லை.

இரவு ஷிப்டு முடித்துவிட்டு ஒருநாள் சபாபதி படுத்திருந்தான். இன்பராணி போனில் கூப்பிட்டார்.

"சபாபதி, தொந்தரவுக்கு மன்னிச்சிருங்க. பிள்ளைங்க கை கழுவுற பைப்பு ஒழுகுது. கமலநாதன் சாரை வரச்சொன்னா வருவாரு. மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிரட்டுமா?"

சபாபதி பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"டீச்சர்! பேனாவக் கீழ வைங்க!"

"வச்சிட்டேன்."

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. வந்துக்கிட்டே இருக்கேன்."

எந்தப் பைப்பு, ஏன் ஒழுகுது, எப்போதிலிருந்து ஒழுகுது, எந்த அளவுக்கு ஒழுகுது என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பானரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். "இப்பத்தானே படுத்தீங்க, எங்க போறீங்க?" என்று பிரேமலா சமையலறையிலிருந்து கத்தினாள். அந்தக் கேள்விக்கும் அவன் நின்று பதில் சொல்லவில்லை.